நூறு முடிச்சுக்கு ஒரு முறை

சுங்குடி முடிச்சு போடுவது 25 ஆண்டுகளாக என் வேலை. சாயம் போடும்போது புள்ளி விழுவதற்காக, துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். தலை குனிந்தால் குனிந்ததுதான். போன ஆண்டு ஆடியில் கழுத்தும் வலது தோளும் கல்லாக இறுகின. மூன்று மாதம் தாண்டியும் விடவில்லை.

முதலில் தைலம், பிறகு மாத்திரை. அப்புறம் யார் பேச்சையோ கேட்டுச் சுளுக்கு எடுப்பவரிடம் போனேன். தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பினார். இரண்டு நாள் தலைசுற்றல். கழுத்தை மட்டும் யாரையும் அப்படித் திருப்ப விடாதீர்கள்.

கடைசியாகப் போனது பெரிய ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்கு. எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று கண்டிருந்ததில் நான் பாதி செத்திருந்தேன். “வலியே இல்லாதவர்களுக்கும் இந்த வயதில் இது இருக்கும் அக்கா” என்றார் அங்கிருந்த பெண். கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா, நடை தடுமாறுகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் மூன்றே பயிற்சிகள்: தாடையைப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணுவது, தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முறை, இரண்டு வேளை. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றம்.

வலி குறைந்த ஒரு நாள் பத்தை முப்பதாக்கினேன். மறுநாள் தலையைத் திருப்ப முடியவில்லை. “செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அடங்காவிட்டால் செய்தது அதிகம்” என்று அவர் சொன்னதைத்தான் இன்றுவரை அளவாக வைத்திருக்கிறேன்.

மாமியார் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தேய்த்துவிடுவார். கை என்றால் அது கை! ஆனால் அந்தச் சுகம் மறுநாள் மதியம் வரைதான். தோள் இளகியிருக்கும்போதே பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. அவர் ஊருக்குப் போனால் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு பழைய டென்னிஸ் பந்து.

எல்லாவற்றிலும் கடினம் வேலையை விட்டு எழுந்திருப்பது. கூலி போகுமே! இப்போது நூறு முடிச்சுக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். துணியையும் மடியிலிருந்து உயரமான பலகைக்கு மாற்றிவிட்டேன். மாலையில் தெப்பக்குளத்தை ஒரு சுற்று. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

பயிற்சி தொடங்கி எட்டு மாதமாகிறது. வலி இன்னமும் எட்டிப் பார்க்கிறது, தூக்கத்தைக் கெடுப்பதில்லை. தேங்காய் துருவினால் மட்டும் தோள் முறைத்துக்கொள்கிறது. அந்த வேலை இப்போது கணவருடையது.