டிப்ஸோமேனியாக்: ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் மேஜையிலிருந்து

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு எழுத்தில் ஏற்றுவதுதான் என் வேலை. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்பார்கள். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். நோயாளியின் பழக்கவழக்கங்கள் வரும் இடத்தில் பல மருத்துவர்களும் வேகம் பிடித்துவிடுவார்கள். புகை உண்டு, குடி உண்டு, அடுத்தது. அந்த ஓட்டத்தில்தான் ஒரு மூத்த மருத்துவர் 'டிப்ஸோமேனியாக்' என்றார். கூட வேலை செய்பவர்கள் சிலர் அதைக் குடிகாரருக்கான கொஞ்சம் பெரிய வார்த்தை என்றே எடுத்துக்கொண்டார்கள். இன்றைய ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அப்படித்தான், பாதி கிண்டலாக, புழங்குகிறது.

ஆனால் அது பிறந்தது மருத்துவத்தில். கிரேக்கத்தில் 'டிப்ஸா' என்றால் தாகம், 'மேனியா' என்றால் வெறி. 1819-இல் ஜெர்மன் மருத்துவர் ஹூஃபெலாண்ட் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'ஆல்கஹாலிசம்' என்ற சொல்லே அதற்குப் பிறகு, 1849-இல், ஸ்வீடன் மருத்துவர் மாக்னஸ் ஹூஸ் மூலமாகத்தான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் நாளடைவில் டிப்ஸோமேனியாவுக்குக் குறிப்பான ஓர் அர்த்தம் கொடுத்தார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட, குடியைத் தொடாமல் இருப்பவர், திடீரென ஒருநாள் அடக்க முடியாத வேட்கை வந்து நாட்கணக்கில் குடித்துத் தீர்ப்பார், அப்புறம் மறுபடி நிறுத்திவிடுவார். 1960-இல் குடிநோய் ஆராய்ச்சியாளர் ஜெல்லினெக் குடிப்பவர்களை வகைப்படுத்தியபோது இந்த விட்டுவிட்டு வரும் குடிக்கு எப்சிலான் என்று பெயர் வைத்தார், ஒருநாள்கூடக் குடிக்காமல் இருக்க முடியாதவர்களை டெல்டா என்ற வகையில் வைத்தார். 'டிப்ளர்' என்பது இன்னொரு ரகம், முதலில் மது விற்பவரைக் குறித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடிப்பவர் மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு ஆராய வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு கேஸ் ஷீட்டைப் பொறுத்தவரை கட்டாயம் வேண்டும் என்றுதான் சொல்வேன். எலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் நிறையக் குடித்தவர், வார்டில் திடீரென்று குடி நின்றுபோகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற கடுமையான குழப்பநிலை பொதுவாக 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தலைகாட்டும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. விட்டுவிட்டுக் குடிப்பவர், குடி இல்லாத காலத்தில் வந்து சேர்ந்தால் இந்தப் பயம் அநேகமாக இல்லை. அவரே தொடர்ந்து பல நாள் குடித்த கையோடு வந்தால் கதை வேறு. இரவுப் பணிக்கு வரும் நர்ஸுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியது அந்த ஒரு வரிதான். 'டிப்ஸோமேனியாக்' என்று மட்டும் இருந்தால் அவர் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்? 'அளவாகக் குடிப்பவர்' என்றிருந்தாலும் இதே சிக்கல்தான், யாருடைய அளவு என்று யாருக்குத் தெரியும்.

அதனால் பெயரைவிட விவரம்தான் எனக்கு முக்கியம். என்ன குடிக்கிறார், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. இவ்வளவும் இரண்டு வரியில் அடங்கும். நோய் கண்டறிதலுக்கான பெயரும் இப்போது மாறிவிட்டது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் வந்தது, 'அப்யூஸ்', 'டிபெண்டன்ஸ்' என்ற பழைய இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி 'ஆல்கஹால் யூஸ் டிஸார்டர்' (மதுப் பயன்பாட்டுக் கோளாறு) என்று வைத்து, 11 அறிகுறிகளில் எத்தனை இருக்கின்றன என்பதைக் கொண்டு லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று பிரிக்கிறது. இது எனக்குப் பிடித்த மாற்றம். ஆளுக்குப் பட்டம் கட்டாமல் பிரச்சினையின் ஆழத்தைச் சொல்கிறது. மனநல மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நோயாளியை 'டிஸார்டர் உள்ளவர்' என்று எழுதிக் காட்டியதைவிட 'அப்யூஸர்' (போதையைத் தவறாகப் பயன்படுத்துபவர்) என்று எழுதிக் காட்டியபோது, தப்பு அவர் மேல்தான் என்று நினைக்கும் போக்கு கூடியது. பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படியென்றால், அவசரத்தில் ஃபைலைப் புரட்டுகிறவர்களை என்ன சொல்வது. சிகிச்சைக்கு வந்தவர் தன் ஃபைலைத் தானே படித்துப் பார்க்கும் காலமும் இது.

டிரான்ஸ்கிரிப்ஷனில் மருத்துவர் சொன்னதை நாங்களாக மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. சந்தேகம் இருந்தால் குறிப்புப் போட்டு அவருக்கே திருப்பி அனுப்பலாம். 'டிப்ஸோமேனியாக்' வந்த அந்தப் பதிவையும் அப்படித்தான் அனுப்பினோம், விட்டுவிட்டுக் குடிப்பவரா, தினமும் குடிப்பவரா, கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்டு. பழைய அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறார். பதிலில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கடைசியாகக் குடித்த நாளையும் நேரத்தையும் சேர்த்திருந்தார்.