உப்பு கரைந்த பிறகு

ஏப்ரல் 12, சனி

இரண்டு நாள் விடாமல் மழை. குளிர்காலம் முழுக்கப் பனி உருகுவதற்காக அமெரிக்காவின் மிச்சிகன் சாலைகளில் கொட்டிய உப்பு இதோடு கரைந்திருக்கும் என்று காலையிலேயே கராஜுக்குப் போய் உறையை உருவினேன். 2008 கார்வெட், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். 6.2 லிட்டர் வி8, 430 குதிரைத்திறன், கையால் மாற்றும் 6 கியர். ஐந்து மாதத் தூக்கம்.

கதவு திறக்கவில்லை. இந்தக் காரில் கதவுக்குக் கைப்பிடி கிடையாது. விளிம்பில் ஒளிந்திருக்கும் பட்டனை அழுத்தினால் மின்சாரம்தான் தாழ்ப்பாளை விடுவிக்கும். பேட்டரி போனால் கதவும் போச்சு. பேட்டரி இறங்காமல் இருக்க மாட்டிவைத்த சார்ஜரில் விளக்கு இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் பிளக் தரையில் கிடக்கிறது. பொங்கலுக்கு வந்த இருபது பேருக்கு வடை சுட கராஜில் மின்அடுப்பு வைத்திருந்தோம் (வீட்டுக்குள் எண்ணெய் காய்ந்தால் புகை அலாரம் ஊரைக் கூட்டிவிடும்). அப்போது பிடுங்கியதை யாரும் திரும்பச் சொருகவில்லை.

நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் துவாரத்தில் சாவியைப் போட்டுப் பின்கதவைத் திறந்து, தலைகீழாக உள்ளே நுழைந்து தேடி, கதவைத் திறக்கும் அவசரக் கம்பியை இழுத்தேன். மகள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 19, சனி

முதல் ஓட்டம். தெருமுனையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினால் நேராக நான்காவதில் போய் விழுந்தது. கோளாறு இல்லை. அதிகம் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்காவில் தனி வரி உண்டு. மைலேஜ் சோதனையில் தப்பிப்பதற்காகக் கம்பெனியே செய்துவைத்த தந்திரம் இது. மெதுவாக முடுக்கினால் இரண்டையும் மூன்றையும் தாண்டச் சொல்லும். இருபது டாலருக்கு ஒரு சின்ன பிளக் வாங்கிச் சொருகினால் தொல்லை தீரும். நான்கு வருஷமாக வாங்கவில்லை. கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் இரண்டாவது கியர் ஒழுங்காக விழுகிறது. அழுத்துவதற்கு ஒரு சாக்கு வேண்டாமா?

மே 24, சனி

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி ஓரம் நின்று, "அந்த ஃபியூசைப் பிடுங்கிட்டே போல" என்றார். கண்டுபிடித்துவிட்டார். சைலன்சரில் இரண்டு மடல்கள் இருக்கின்றன. அவற்றுக்கான ஃபியூசை எடுத்துவிட்டால் எப்போதும் திறந்தே இருக்கும், சத்தம் முழுசாக வெளியே வரும்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டாள். தாளில் எழுதிக் காட்டினேன். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றைப்படை எல்லாம் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். அப்படியானால் இடம், வலம், இடம், வலம், வலம், இடம், வலம், இடம். அந்த 'வலம், வலம்' என்ற இடத்தில் ஒரே பக்கக் குழாயில் இரண்டு வெடி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வருகிறது. சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் இடப்பக்கமும் அதையே செய்யும். சீராக அடித்திருந்தால் அது வெறும் இரைச்சல். ஒரு அடி தள்ளி விழுவதால்தான் தவில் மாதிரிக் கேட்கிறது.

ஃபோர்டு, ஷெல்பி ஜி.டி.350 காரில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அமைப்பையே மாற்றி வெடிகளை இருபக்கமும் சமமாகப் பிரித்தது. நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை ஏறும், இத்தாலியக் கார் மாதிரி அலறும். பிரமாதம்தான். ஆனால் எனக்கு அது வீட்டுக்கு வந்த விருந்தாளி.

ஜூன் 14, சனி

டிராக் ஸ்டிரிப். பந்தயம் ஓட்டும் கால் மைல் நேர்சாலை, நாற்பது டாலர் கட்டணம். முதல் ஓட்டத்தில் 6,000 சுற்றில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினேன். மாற்றினேன் என்பது ஆசை. கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. எழவே இல்லை. காலின் நுனியை அடியில் விட்டு நெம்பித் தூக்கினேன். பக்கத்துப் பாதையில் ஒரு மினிவேன் என்னைத் தாண்டிப் போனது. மினிவேன்!

ஜூன் 17, செவ்வாய்

ஒர்க்ஷாப்பில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, புது கிளட்ச் போட வேண்டும், 3,800 டாலர் என்றார்கள். தொகையில் முக்கால்வாசி கூலி. அதற்குக் காரணம் உண்டு. எடை முன்னும் பின்னும் சமமாக நிற்க வேண்டும் என்று இந்தக் காரில் கியர்பெட்டியை எஞ்சினோடு வைக்காமல் பின்சக்கரங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரு நீளக் குழாய் இணைக்கிறது. கிளட்சோ முன்னால், எஞ்சின் ஓரமாக. அதைத் தொட வேண்டுமானால் பின்பக்க சஸ்பென்ஷன், கியர்பெட்டி, குழாய் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும்.

வீட்டில் தொகையைச் சொல்லவில்லை. "கொஞ்சம் செலவாகும்" என்றேன். "கொஞ்சம்னா?" என்றாள் மனைவி. காது கேட்காதவன் மாதிரி மாடிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 21, சனி

பெரியவரிடம் புலம்பினேன். பாண்டியாக் நகரத்துக் கார் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தவர். ஒன்றும் சொல்லாமல் பானெட்டைத் திறக்கச் சொன்னார். கிளட்சுக்கான எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திருகி, விரலை விட்டு எடுத்து என் முன்னால் நீட்டினார். டிகாஷன் நிறம். அடியில் கசடு. புது எண்ணெய் தேன் மாதிரி இருக்க வேண்டும்.

கிளட்ச் தேய்கிற தூள் எப்படியோ எண்ணெயில் சேர்கிறது. கெட்டுப்போன எண்ணெய் சூட்டில் பெடலைத் திருப்பித் தள்ளாது. மகளுக்குக் குழந்தையில் மருந்து புகட்டிய சிரிஞ்சைத் தேடி எடுத்தேன். கிண்ணத்தைக் காலி செய், புது எண்ணெய் (டாட் 4 ரகம்) ஊற்று, மூடு, பெடலை முப்பது தடவை மிதி. மறுபடி காலி செய். பதினோரு தடவை செய்தபின் வெளுத்தது. மொத்தச் செலவு 14 டாலர். வாரம் ஒரு தடவை செய்துவந்தால் போதும் என்றார்.

அந்த ஒர்க்ஷாப்பில் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

ஜூலை 5, சனி

நாமக்கல்லுக்கு வீடியோ அழைப்பு. காரைக் காட்டினேன். "எத்தனை பேர் உக்காரலாம்?" என்றார் அம்மா. ரெண்டு பேர். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப பாப்பா எங்க உக்காருவா?"

அப்பா லாரி பட்டறையிலேயே வாழ்ந்தவர். அடியில் காட்டச் சொன்னார். குறுக்குவாட்டில் கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏன்டா, லாரிக்குப் போடற பட்டைக்கா இவ்வளவு காசு குடுத்த?" இது இரும்பு இல்லை, கண்ணாடி இழையும் பிசினும், எடை குறைவு, பந்தயங்களில் ஜெயித்த அமைப்பு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "பட்டை பட்டைதான்" என்று முடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

உட்வர்ட் அவென்யூ, டெட்ராய்ட்டிலிருந்து பாண்டியாக் போகும் சாலை. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை இங்கே வேறு வேலை கிடையாது. 1995-ல் ஃபெர்ண்டேல் ஊரில் பிள்ளைகளின் கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்த கார் ஊர்வலம். இன்று பாண்டியாக் வரைக்கும் காராகவே தெரிகிறது. சாலையும் சாதாரணமானது இல்லை. 1909-லேயே ஒரு மைல் நீளத்துக்கு கான்கிரீட் போட்ட சாலை இது.

பெரியவரை வலது இருக்கையில் உட்காரவைத்தேன். அறுபதுகளில் இதே சிக்னல்களில் பச்சைக்குக் காத்திருந்து பறந்தவர், பாண்டியாக் கம்பெனியின் 1966 ஜி.டி.ஓ. கார் வைத்திருந்தாராம். அந்த வண்டி பிறந்த கதையை இன்றைக்குத்தான் சொன்னார். நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் உத்தரவு. பாண்டியாக்கின் தலைமை எஞ்சினியர் ஜான் டெலோரியனின் ஆட்கள் 1964 மாடலில் 389 கன அங்குல எஞ்சினை வைத்துவிட்டு, இது புது மாடல் இல்லை, விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் பொருள், அவ்வளவுதான் என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். பெரிய இடத்துக்குத் தெரிவதற்குள் விற்றுத் தீர்ந்தது. நம் ஊர் அலுவலகக் குமாஸ்தாக்களும் இதைப் பாராட்டுவார்கள்.

நான்கு மணி நேரத்தில் பதினோரு மைல். கிளட்ச் மிதித்து இடது முழங்கால் கழன்றது. எஞ்சின் சூடு 220 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு மின்விசிறி ஊளையிட்டது. பெடல் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்தது. முன்னால் டாட்ஜ் சார்ஜர் என்ற மின்சாரக் கார். ஸ்பீக்கர் வழியாக உறுமியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பெரியவர் ஜன்னலை இறக்கிக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, ஆனா வாசனை வரலையே" என்றார். பெட்ரோல் குடிக்கும் டாட்ஜ் சேலஞ்சர் 2023 டிசம்பரோடு போனது, அதே மாதம் ஷெவர்லே கமாரோவும். இனி இங்கே வாசனை எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்கள் பொறுப்பு.

அக்டோபர் 25, சனி

காலையில் 3 டிகிரி செல்சியஸ். கோடைக்கால டயர் இந்தக் குளிரில் ரப்பர் இல்லை, பிளாஸ்டிக். பங்க் போகும் வழியில் ஒரு திருப்பத்தில் பின்பக்கம் லேசாக நழுவியது, வயிறும் கூடவே. டேங்க் நிறைய பெட்ரோல், அதில் கெடாமல் காக்கும் மருந்து, டயரில் கூடுதல் காற்று. இந்த வருஷம் 2,140 மைல். ஆக்சிலரேட்டரைக் கடைசி வரை அழுத்திய நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு நிமிஷம் தேறுமா தெரியவில்லை.

சார்ஜரைச் சொருகி, பிளக்கின் மேல் டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதினேன். சாயங்காலம் பார்த்தால் அதற்குக் கீழே மனைவியின் கையெழுத்து: 'வடை வேண்டாமா?'

நாளைக்குக் கடைக்குப் போய் நீள ஒயர் ஒன்று வாங்க வேண்டும்.