ஹனோய் நடைபாதையில் ஒரு ஃபில்டர்

எங்கள் வீட்டில் ஃபில்டர் காபி குடிக்கும் யாரும் டிகாக்ஷன் இறங்குவதைப் பார்த்ததில்லை. காலை ஐந்து மணிக்கு அம்மா பொடி போட்டு, குடைத்தட்டை வைத்து, கொதிநீர் ஊற்றிவிடுவாள். நாங்கள் எழுந்து வரும்போது கள்ளிச்சொட்டாகக் கீழே தயாராக இருக்கும். காத்திருப்பது அவள் வேலை, குடிப்பது எங்கள் வேலை.

ஆபீஸ் வேலையாக வியட்நாம் தலைநகர் ஹனோய் போயிருந்தபோது, பழைய நகரப் பகுதியில் நடைபாதையோரக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சில் இடிக்கிற மாதிரி குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல். கடைக்கார அம்மா கண்ணாடி டம்ளரின் அடியில் கண்டென்ஸ்டு மில்க்கை விட்டு, டம்ளர் தலையில் ஒரு சின்ன ஃபில்டரை உட்கார வைத்து, வெந்நீர் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். இதற்குப் பெயர் ஃபின். நம் ஃபில்டரில் மேல் பாத்திரம் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக நம் டம்ளரிலேயே சொட்டும்.

கும்பகோணத்துக்காரிக்குத் தெரியாத ஃபில்டரா? உள்ளே இருந்த தட்டைக் கரண்டியால் ஓர் அழுத்து அழுத்தினேன். சொட்டுவது நின்றே போயிற்று. அந்த அம்மா வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கரண்டி நுனியால் தட்டை லேசாக நெம்பிவிட்டார். ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வெள்ளைப் பாலின் மேல் கறுப்பு தனி அடுக்காக ஏறுவதை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கி முடிந்ததும் மூடியைத் திருப்பிப் போட்டு அதன்மேல் ஃபின்னை வைத்துவிடலாம், மேஜை நனையாது. நம் பாத்திரக்கடைக்காரர்களுக்கு இது தோன்றவில்லையே!

கசப்பு மண்டையில் ஏறியது. அங்கே விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா என்ற கசப்பு தூக்கலான காபி ரகம். செடியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பசும்பால் சுலபமாகக் கிடைக்காததால் டின் பால் ஒட்டிக்கொண்டது. இன்று பிரேசிலுக்கு அடுத்தபடியாகக் காபி அதிகம் விளைவது வியட்நாமில்தான்.

ஐஸ் போட்ட பால் காபிக்கு ஹனோயில் ‘நௌ டா’ என்கிறார்கள். நௌ என்றால் பழுப்பு, டா என்றால் ஐஸ். என் அம்மா வயதுக்காரரைப் பார்த்து தினமும் ‘டா’ போட்டுக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

அப்புறம் முட்டைக் காபி. அம்மா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். 1946-ல் பால் தட்டுப்பாடு வந்தபோது, மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் கியாங், மஞ்சள் கருவை நுரைக்க அடித்துப் பாலுக்குப் பதிலாகச் சேர்த்துப் பார்த்தாராம். அவர் பெயரில் உள்ள கடையில் குடித்தேன். ஆறாமல் இருக்க வெந்நீர்க் கிண்ணத்துக்குள் கோப்பையை வைத்துத் தருகிறார்கள். முட்டை வாடையே இல்லை. ஆனால் அது காபி இல்லை, பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை.

ஊருக்கு வரும்போது ஒரு ஃபின் வாங்கி வந்தேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு ஆளுக்குத்தானே இறங்கும்? மத்த ஏழு பேருக்கு?”

இப்போது அதன் மூடி மட்டும் பூஜை அறையில் இருக்கிறது, குங்குமம் வைக்க.