சூடேறாத வேப்பரைசர்: டர்பன் பட்டறை நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த கையடக்க வேப்பரைசர். கழற்றி மாட்டும் ஒற்றை 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி). யூகலிப்டஸ், துளசி இலைகளைச் சூடாக்கி ஆவியெடுப்பது. 190 டிகிரிக்கு வைத்தால் மூன்று நிமிடம் ஆகியும் 160-ஐத் தாண்டவில்லை.

செல்லைச் சும்மா அளந்தால் 4.16 வோல்ட். இதைப் பார்த்ததும் "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, ஹீட்டர்தான் போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பாரம் ஏற்றாமல், அதாவது செல்லிலிருந்து மின்சாரம் இழுக்காமல், அளந்த வோல்ட்டை நம்பவே கூடாது. ஹீட்டர் ஓடும்போது, அதுவும் ஆரம்ப விநாடிகளில் அளக்க வேண்டும். குறித்த சூட்டை நெருங்கிவிட்டால் சர்க்யூட் விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கும், மீட்டரோ சராசரியைக் காட்டும்.

அளந்ததில்: செல்லின் முனைகளில் 3.92, ஹீட்டரின் முனைகளில் 3.35. வழியிலேயே 0.57 வோல்ட் போய்விடுகிறது. ஹீட்டர் 0.5 ஓம். (மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒட்டவைத்து, அப்போது காட்டும் அளவைக் கழித்த பிறகு.) ஆக 6.7 ஆம்ப், 22 வாட். வாட் வோல்ட்டின் வர்க்கத்தோடு போவதால், சின்ன இழப்பும் சூட்டில் பெரிதாகத் தெரியும்.

8 ஜூலை, செவ்வாய்

இழப்பு எங்கே என்று துண்டு துண்டாக அளந்தாயிற்று. செல்லின் அடிப்பாகத்துக்கும், அதை அழுத்திப் பிடிக்கும் மைனஸ் ஸ்பிரிங்கைச் சால்டர் செய்த இடத்துக்கும் நடுவே 0.41. பிளஸ் தகட்டில் 0.09. வயர், மாஸ்ஃபெட் (ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் மின்னணு ஸ்விட்ச்) எல்லாம் சேர்ந்து 0.07தான்.

ஸ்பிரிங்கை லென்ஸில் பார்த்தால் மேல்சுற்று பழுப்பேறி, அதன் ஓரத்தில் துருப்புள்ளிகள். செல்லின் அடியிலும் அதே அளவில் ஒரு கருவளையம். டர்பனின் உப்புக்காற்று பூச்சை அரிக்கிறது. தொடும் இடம் கெட்டதும் அங்கேயே சூடேறி, ஸ்பிரிங் இளகி, அழுத்தம் குறைந்து, இன்னும் மோசமாகிறது.

செல்லை வெளியே எடுத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பு. பிறகு பென்சில் ரப்பர். உப்புத்தாள் வேண்டாம், மிச்சப் பூச்சும் போய்விடும். ஸ்பிரிங்கின் உள்ளே அடியிலிருந்து மேல்சுற்றுவரை செப்புப் பின்னல் ஒன்று, கொஞ்சம் தொய்வாக விட்டு சால்டர் செய்யப்பட்டது. இழுத்துக் கட்டினால் செல்லை மாட்டும்போதே அறுந்துவிடும். இனி மின்சாரம் செம்பில் போகும், ஸ்பிரிங்குக்கு அழுத்துகிற வேலை மட்டும்.

மறுபடி அளந்ததில் செல்லில் 3.89, ஹீட்டரில் 3.78. 28 வாட்டுக்கு மேல். 190 டிகிரிக்கு ஒரு நிமிடம்.

10 ஜூலை, வியாழன்

இன்னொரு வேப்பரைசர்: சூடு சரியாக ஏறுகிறது, ஆவிதான் மெலிவு. ஆவி வெளிவரும் வழியிலுள்ள வலை முழுக்கப் பிசின். வலையை மட்டும் அரை மணி ஆல்கஹாலில் ஊறப்போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு சூடாக்கினால் தீப்பிடிக்கலாம். இலையையும் இறுக்கித் திணிக்கக் கூடாது.

12 ஜூலை, சனி

ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவிலிருந்து கேள்வி: காலையில் மட்டும் சூடு குறைவு, மதியம் சரி. அங்கே இப்போது குளிர்காலம். குளிரில் செல்லின் உள்தடை கூடும்; பாரம் ஏறியதும் வோல்ட் சரியும். பத்து நிமிடம் சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும். சுழியத்துக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடவே கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும்.

மதியமும் வோல்ட் சரிகிறது என்றால் செல்லை மாற்ற வேண்டியதுதான். தொடர்ந்து 10 ஆம்ப்புக்குக் குறையாமல் தருவதாக வாங்குங்கள். 9900 மில்லி ஆம்ப் அவர் என்று அச்சிட்டதைத் தொடவே வேண்டாம், பொய்க் கணக்கு. நல்ல 18650 பெரும்பாலும் 2500 முதல் 3500 மில்லி ஆம்ப் அவர். மேலுறை கிழிந்ததையும் மாட்டாதீர்கள்: பிளஸ் மூடியைத் தவிர உடம்பு முழுக்க மைனஸ், உறை இல்லாத இடம் பிளஸ் பக்கத்தோடு பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.