மாப்பிள்ளை வாங்கப்போகும் பிரஸ்

மே 4, காட்பாடி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலை ஏழு மணிக்கு ஹூஸ்டனிலிருந்து மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். அங்கே நேற்று இரவு எட்டரை. "மாமா, ஒரு மெஷின் வாங்கணும், நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். மாவு மிஷின் என்றுதான் நினைத்தேன். தோட்டா செய்கிற மெஷினாம், அதற்குப் பிரஸ் என்று பெயர்.

அவர் பிஸ்டல் போட்டிக்குப் போகிறவர், 9 எம்எம். சுட்டபின் கீழே விழும் கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, புதுப் பிரைமர் (அடித்தால் தீப்பொறி தரும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்துத் திரும்பவும் தோட்டாவாக்குவார்கள். அதற்குப் பெயர் ரீலோடிங். அங்கே வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள். இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரி, "அப்ப அங்க மட்டும் வெடிக்காதா?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

மே 6

இப்போது அவரிடம் இருப்பது ஒரே ஒரு டை, அதாவது கேஸை அழுத்தி வேலை செய்யும் அச்சு, மாட்டும் பிரஸ். நூறு கேஸையும் அளவுக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு டையை மாற்றி, மறுபடி நூறையும் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போகிறதாம். இதை என் மகளும் தனியாகப் புகார் சொன்னாள்.

அதனால்தான் புரோகிரஸிவ் பிரஸ் வாங்கப் பார்க்கிறார். அதாவது ஒரு வட்டத் தட்டு, அதில் நாலைந்து கேஸ்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு டை. ஒரு இடத்தில் பழைய பிரைமர் கழன்று கேஸ் அளவுக்கு வரும். அடுத்ததில் மருந்து விழும். அப்புறம் குண்டு உட்காரும், கடைசியில் வாய் இறுகும். கைப்பிடியை ஒரு தரம் இழுத்து விட்டால் எல்லா வேலையும் ஒன்றாக நடந்து, ஒரு தோட்டா முடிந்து விழும். அவர் விளக்கி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ராணிப்பேட்டையில் பவர் பிரஸ்ஸில் புரோகிரஸிவ் டை ஓட்டியவனுக்கு இது என்ன புதிது? அங்கே தகடு நகரும், இங்கே தட்டு சுற்றுகிறது.

டையின் மரை என்ன என்று கேட்டேன். 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. பெரும்பாலான கம்பெனிகளுக்கு இதே அளவுதானாம். மெஷினை மாற்றினாலும் டை வீணாகாது.

மே 9

அவர் பட்டியலில் நான்கு மெஷின். டில்லன் 550: நான்கு இடம், தட்டைக் கையால் திருப்ப வேண்டும். டில்லன் 750: ஐந்து இடம், தானே திரும்பும். ஹார்னடி: அதுவும் ஐந்து, ஆனால் தட்டு பாதி தூரம் ஏறும்போதும் மீதி இறங்கும்போதும் நகரும். லீ: ஆறு இடம், விலை குறைவு.

550-க்கே என் ஓட்டு என்று சொல்லிவிட்டேன். கேப்ஸ்டன் லேத் என்கிற கடைசல் மெஷினில் பதினாறு வருஷம் நின்றவன் நான். பின்னால் இழுத்தால் டூல்கள் மாட்டிய டரட் தானே திரும்பும், வேலை பறக்கும், உண்மை. ஆனால் அதை நிறுத்திப் பிடிக்கும் லாக் பின் தேய ஆரம்பித்தால் எந்த டூலும் நேராக வந்து நிற்காது. தானே திரும்புவதில் தேய்கிற பாகம் அதிகம்.

மே 11

நேற்று இரவு கரண்ட் இல்லை, தூக்கமும் இல்லை. படுத்தபடியே யோசித்ததில் நான் சொன்னது தப்பு என்று பட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ டீ கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு வந்து, போட்ட துளையிலேயே மறுபடி டிரில்லை இறக்கினேன். எங்கே விட்டேன் என்பது மறந்துபோனது, அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு இரும்புத் துண்டு வீண், மேஸ்திரியிடம் திட்டு.

கையால் திருப்பும் பிரஸ்ஸில் அதே மறதி வந்தால் ஒரே கேஸில் இரண்டு தரம் மருந்து விழும். சுடும்போது பேரல் கிழியும், கையும் போகலாம். மருந்தே விழாமல் போனால் அது வேறு ஆபத்து. பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளிப் பேரலுக்குள் பாதியில் நிறுத்தும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் தீர்ந்தது.

மருந்தை கிரெயின் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஏறக்குறையப் பாதி குன்றிமணி. லாங் பஜார் நகை ஆசாரிக்குச் சொன்னால் சிரிப்பார்.

மே 15

குடியாத்தம் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் மூச்சு முட்டியது. ஓரமாக ஒருவர் வேட்டுக்கு மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் ஏதோ கேட்டேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தபின், "இப்ப கேளு சாமி" என்றார். கேட்க வந்தது மறந்துவிட்டது.

மே 18

மாப்பிள்ளையிடம் ஓட்டை மாற்றிச் சொன்னேன். தானே திரும்பட்டும், ஐந்து இடம் இருக்கட்டும். ஐந்து இருந்தால் மருந்து விழுந்த அடுத்த இடத்தில் அளவு பார்க்கும் கருவியை மாட்டலாம். கூடினாலும் குறைந்தாலும் பஸ்ஸர் கத்தும். அதை நம்பி அவர் கண்ணை எடுத்துவிடக் கூடாது. குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பார்க்கும்படி மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கு வேண்டும். நடுவில் சிக்கினால் தட்டில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்து ஓரம் வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவரும் ஒன்று சொன்னார், எனக்குப் பிடித்தது: கேஸில் பாதிக்கு மேல் நிறைகிற மருந்தாகப் பார்த்து வாங்குவாராம். இரண்டு தரம் விழுந்தால் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்கும்.

750-ஐயே எடுக்கப்போகிறார். அவர் கிளப்பில் நாலு பேரிடம் அதுதான் இருக்கிறதாம், ஒரு ஸ்பிரிங் உடைந்தால் கடன் கேட்கலாம். இந்தக் காரணம் எனக்குப் போதும். கேஸைத் தானே ஊட்டும் மோட்டார் இப்போது வேண்டாம், முதலில் கை பழகட்டும் என்றேன். பிரைமரிலும் சுட்ட கேஸின் தூசியிலும் ஈயம் இருக்கிறது. சோப்பு போட்டுக் கை கழுவாமல் பேத்தியைத் தூக்கக் கூடாது, அந்த அறைக்குப் பூட்டு வேண்டும். மகள் பின்னாலிருந்து, "நல்லா சொல்லுங்கப்பா" என்றாள்.

மே 26

மெஷின் வந்து மேஜையில் ஏறிவிட்டது. பிரைமர், மருந்து எதுவும் இல்லாமல் வெறும் கேஸ் ஐம்பது ஓட்டச் சொன்னேன். தட்டு திரும்பி நிற்கும்போதெல்லாம் கேஸ் துள்ளியது. மருந்து இருந்திருந்தால் சிந்தியிருக்கும். நடு போல்ட்டை அவர் அரைகுறையாக விட்டிருக்கிறார். "கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க மாப்ளே, தட்டு ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது" என்றேன். ஆலன் கீயைத் தேடினார். பேத்தி அதை எடுத்துக்கொண்டு எப்போதோ ஓடிவிட்டாள்.

அறைக்கு இன்னும் பூட்டு போடவில்லை.