மார்பு எக்ஸ்ரே இணையப் பாடம்: விடை கசியும் இடங்கள்

கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்தில் ரேடியாலஜி பி.ஜி.க்கு (முதுநிலை மருத்துவ மாணவருக்கு) கேஸ் பஞ்சம் கிடையாது. காசநோய் தினமும் வருகிறது. பவுண்டரி (வார்ப்பாலை) மணலும் கல் கிரஷர் தூசியும் உள்ள ஊரில் சிலிகோசிஸை (சிலிகாத் தூசியால் வரும் நுரையீரல் நோயை) யோசிக்காமல் ஒரு படத்தையும் மூட முடியாது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஆட்களிடம் பறவைத் தூசியால் வரும் ஒவ்வாமை நிமோனைட்டிஸ் (நுரையீரல் அழற்சி) பற்றிக் கேட்டே ஆக வேண்டும். ஆகவே இணையத்தில் பாடம் அமைக்கும்போது படம் சேர்ப்பது பெரிய வேலை அல்ல. பி.ஜி. தானாக ஒரு விடையைச் சொல்லி முடிக்கும்வரை அந்த விடையை மறைத்து வைப்பதுதான் வேலை. எக்ஸ்ரே மாட்டிப் பார்க்கும் வியூ பாக்ஸ் முன்னால் பேராசிரியர் "என்னப்பா தெரியுது?" என்று கேட்டால் வாயைத் திறந்தே ஆக வேண்டும். திரையில் அந்தக் கட்டாயம் இல்லை. விடையோ நினைக்காத இடங்களிலெல்லாம் கசிகிறது.

முதல் ஓட்டை, கோப்பின் பெயர். 'சிலிகோ_07' என்று வைத்தால் முகவரிப் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பொருளற்ற எண் மட்டும் கொடுங்கள். டைகாம் (ஸ்கேன், எக்ஸ்ரே படங்களுக்கான பொது வடிவம்) கோப்புக்குள் ஆய்வு விவரம், தொடர் விவரம் என்று இரண்டு புலங்கள் உண்டு. டெக்னீஷியன் அதில் 'ஐ.எல்.டி. சந்தேகம்' (நுரையீரல் இடைத்திசு நோய்) என்று தட்டியிருப்பார். நோயாளியின் பெயர், எண், பிறந்த தேதியை அழிக்கும்போதே இவற்றையும் அழித்துவிட வேண்டும். படத்தின் மேலேயே பதிந்துபோன எழுத்தை எல்லா மென்பொருளும் தானாகப் பிடிக்காது. சி.டி.யில் கதிர்வீச்சு அளவு காட்டும் கடைசிப் பக்கம் பெரும்பாலும் மறந்துபோகும். நோயாளியின் பெயர் அங்கே இருக்கலாம். தேதிகளை மொத்தமாக அழிக்கவும் கூடாது. ஒரே நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நாட்கள் தள்ளி வைத்தால், மூன்று மாத இடைவெளி மூன்று மாதமாகவே நிற்கும். நோய் வரலாற்றிலும் கவனம் வேண்டும். இன்ன கிராமத்தில் பண்ணை வைத்திருக்கும் 52 வயதுக்காரர் என்று எழுதினால், அந்த ஊர் மாணவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். 'கோழிப்பண்ணைத் தொழிலாளி, ஐம்பதுகளில்' என்பது போதும்.

அதையும் முதலிலேயே காட்டிவிடக் கூடாது. படம் முதலில், பி.ஜி. தான் கண்டதைத் தட்டச்சு செய்த பிறகு தொழில் விவரம். பிறகு இரண்டாம் முறை விடை. பஞ்சாலைத் தொழிலாளி என்று முன்கூட்டியே சொன்னால் இல்லாத நிழலெல்லாம் தெரியத் தொடங்கும். பிசினோசிஸில் (பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயில்) மார்பு எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பது படத்தை முதலில் பார்த்தால்தான் உறைக்கும்.

அடுத்த ஓட்டை, தேர்ந்தெடுத்த ஒற்றைப் படம். சி.டி.யில் நல்ல ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) ஒன்றைப் பிடித்துப் போட்டால் 'நோய் இங்கே இருக்கிறது' என்று சொல்லிவிட்டோம். தேடுவதுதானே பாதி வேலை? எல்லா ஸ்லைஸும் அடங்கிய முழு ஸ்டாக்கையும் கொடுக்க வேண்டும், நுரையீரல் உச்சியில் திறக்கும்படி. 1 மி.மீ. தடிமனில் 300 ஸ்லைஸ் என்றால், 512க்கு 512 அளவில் சுமார் 150 எம்.பி. வரும். ஹாஸ்டல் வைஃபையில் அது நகராது. இரண்டு விண்டோவில் (எந்த அடர்த்தி தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பில்) முன்கூட்டியே ஜேபெக் படமாக ஆக்கிவிடலாம்: நுரையீரலுக்கு லெவல் -600, அகலம் 1500, மீடியாஸ்டினத்துக்கு (இரு நுரையீரல்களுக்கும் நடுப்பகுதிக்கு) லெவல் 40, அகலம் 400. முதலில் நான்கில் ஒரு ஸ்லைஸ் இறங்கட்டும், மீதி பின்னால் வரட்டும். ஆனால் 5 மி.மீ. தடிமன் தொடரை வைத்து நுரையீரல் முழுதும் பரவும் நோய்களைக் கற்பிக்காதீர்கள். உருட்டிப் பார்த்தால்தான் முடிச்சா, ரத்தக் குழாயா என்று பிரிக்க முடியும். முடிச்சுகள் நுரையீரல் மடல்களுக்கு இடையிலான பிளவுக் கோட்டையும் நுரையீரலைச் சுற்றிய புளூராச் சவ்வையும் தொட்டு எங்கும் சிதறியிருந்தால் மிலியரி (தினை அளவுச் சிறு முடிச்சுகள்); புளூராவை விட்டு சில மி.மீ. தள்ளியே நின்றால் சென்ட்ரிலாபுலர் (நுரையீரலின் சிறு அலகுகளின் நடுவில் இருப்பவை). ஒற்றை ஸ்லைஸில் இந்தப் பேச்சே எழாது. விடைப்பக்க விளக்கத்தையும் இப்படித்தான் எழுத வேண்டும்: சரியான விடைக்கு ஒரு பத்தி போதும், ஒவ்வொரு தவறான தேர்வுக்கும் அது ஏன் பொருந்தவில்லை என்று தனியாக ஒரு வரி வேண்டும்.

எக்ஸ்ரே வேறு சங்கதி. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். சுருங்கிப்போன படத்தில் மெல்லிய நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்தல்) கோடுதான் முதலில் தொலையும். மூலக் கோப்பிலிருந்தே எடுங்கள். அப்படி எடுத்தாலும் கைப்பேசித் திரையில் மிலியரி முடிச்சு தெரியுமென்று நம்ப முடியாது. அந்தக் கேஸ்களில் 'மானிட்டரில் மட்டும்' என்று குறித்துவிடுவது நியாயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கசிவு, நார்மல் படம் இல்லாத தொகுப்பு. 40 கேஸிலும் நோய் இருந்தால் 'ஏதோ இருக்கிறது' என்ற பாதி விடை முன்பே கையில் இருக்கிறது. மூன்றில் ஒன்றாவது நார்மலாக இருக்கட்டும். அதிலும் ஏமாற்றும் நார்மல்: முலைக்காம்பு நிழல், அசைகஸ் லோப் (வலது உச்சியில் பிறவியிலேயே பிரிந்து நிற்கும் மடல்), முதல் விலா எலும்பு முனையின் சுண்ணாம்புப் படிவு. நம் ஊருக்கென்றே ஒன்று உண்டு, முன்னால் விழுந்த ஜடை. உச்சியில் காசநோய் போலவே நிற்கும். கழுத்து வரை, நுரையீரல் எல்லையைத் தாண்டி நீளுகிறதா என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும். தாயத்தும் அப்படித்தான். படுக்கையில் முன்பக்கத்திலிருந்து எடுத்த ஏ.பி. படத்தில் இதயம் பெரிதாகத் தெரிவதும் இந்த வரிசையில் சேர வேண்டியது.

விடைக்கு ஆதாரம் என்ன என்பதைக் கேஸோடு குறித்து வையுங்கள்: சளியில் சிபிநாட் (காசநோய்க்கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), கல்ச்சர், பயாப்சி, சிகிச்சைக்குப் பின் எடுத்த படம், இவற்றில் எது? சிலிகோசிஸுக்குத் தொழில் வரலாறும் படமுமே பெரும்பாலும் போதும். மேல் லோப் முடிச்சும் முட்டை ஓடு போன்ற நிணநீர்ச் சுரப்பிப் படிவும் சார்க்காய்டு என்ற வேறொரு அழற்சி நோயிலும் வரலாம் என்பதால் அந்த வரலாறு எழுத்தில் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாத கேஸ், எவ்வளவு அழகான படமானாலும், மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே.

பயன்பாட்டுக்கு விட்ட பிறகு பதில்களைப் பாருங்கள். முதலாமாண்டு பி.ஜி. முதல் கடைசி ஆண்டு வரை எல்லோரும் ஒரு கடினமான கேஸைச் சரியாகச் சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். எங்கோ கசிகிறது, படத்தில் விட்டுப்போன அம்புக்குறியையோ கேஸ் வரிசையையோ சோதியுங்கள். பாதிப் பேர் ஒரே தவறான விடையைத் தேர்ந்தெடுத்திருந்தால், இரண்டு மூத்த ரேடியாலஜிஸ்ட்களிடம் விடை சொல்லாமல் அதே படத்தைக் கொடுங்கள். அவர்களும் முரண்பட்டால் அந்தக் கேஸைத் தேர்விலிருந்து எடுத்து, இருவரின் காரணத்தையும் அருகருகே வைத்து விவாதத்துக்கு விடலாம்.