எந்தப் பட்டறை என்று தெரியாத கத்திகள்

நான் சேர்ப்பதெல்லாம் கொல்லுப்பட்டறையில் கையால் அடித்த கத்திகள். விறகு பிளக்க, குச்சி சீவ, முள் கழிக்க, இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குள் போக என்று யாரோ யாருக்கோ அடித்துக் கொடுத்தவை. கம்பெனி முத்திரை இருந்தால் எனக்கு வேண்டாம். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், காந்தி வீதியில் சாக்கு விரித்துப் பழைய இரும்பு போடுகிறவர்களிடம்தான் பெரும்பாலும் வாங்குவேன். கடலூர் போனால் காயலான் கடைகளில் துழாவுவேன்.

விற்கிறவர்கள் கத்தியோடு ஒரு கதையும் கொடுப்பார்கள். "பிரெஞ்சுக்காரன் காலத்துப் பொருள் சார், துரை வீட்டிலேர்ந்து வந்தது" என்பார்கள். அந்த நாட்டுக் கத்திகளில் செய்தவர் முத்திரை இருப்பது வழக்கம். ஒப்பினெல் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் மடக்குக் கத்தியில் கிரீடம் வைத்த கை அச்சு 1909-இல் இருந்தே இருக்கிறது. எதுவும் இல்லாத மொட்டைக் கத்தியைத் துரை வீட்டோடு ஒட்டவைக்க எனக்கு மனம் வராது.

இன்னொரு கதை, "பழங்காலத்து உருக்கு". இதை நான் மரியாதையோடுதான் கேட்பேன். ஏனென்றால் பழைய தென்னாற்காட்டிலேயே, மேல்சிறுவளூரில் உருக்கு காய்ச்சிய மூசைத் துண்டுகளை, அதாவது உலோகம் உருக்கும் மண்குடுவைத் துண்டுகளை, உலோகத் தொல்லியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் என் கைக்கு வந்த கத்திகள் எல்லாம் லாரி ஸ்பிரிங் பட்டையிலோ தேய்ந்துபோன அரத்திலோ அடித்தவை. அதில் என்ன குறை? லாரிப் பட்டை அடி தாங்கும். அரத்தில் கார்பன் ஒரு சதவீதம் அளவுக்கோ கொஞ்சம் கூடவோ இருக்கும், கூர் நிற்கும். கொல்லருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் பழைய அரத்தை எறிய மாட்டார்.

நான் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். இரும்பைப் பார்த்தால் முதலில் கை அரத்தைத்தான் தேடும். வாய்ப்பக்கம் அரம் வழுக்கி, முதுகுப் பக்கம் கடித்தால், அந்தக் கொல்லர் விளிம்புக்கு மட்டும் பதம் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். வாய் கெட்டியாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். முதுகு ஓரம் பூப்போல விரிந்திருந்தால், கட்டை வைத்து அடித்து விறகு பிளந்த கத்தி. பிடிக்குள் போகும் வாலில் கரண்ட் வெல்டிங் தழும்பு தெரிந்தால் நூறு வருடக் கதையை அங்கேயே விட்டுவிட்டு விலை பேசலாம்.

இப்போது என்னிடம் இருப்பதிலேயே எனக்கு உயிரான கத்தி ஒன்று. வாய் ஏழு அங்குலம் இருக்கும், நுனி லேசாக மேலே தூக்கியிருக்கும். எருமைக் கொம்புப் பிடி, பித்தளைப் பூண். பூணைக் குழாயில் அறுக்கவில்லை. தகட்டை வளைத்து ஈயம் வைத்துப் பற்றியிருக்கிறார், மூட்டு நகத்துக்குத் தட்டுப்படும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் துடைத்தபோது முதுகுப் பக்கம் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிந்தன. பழைய அரத்தின் பல். அடித்து நீட்டியும் முழுதாக அழியவில்லை. பூணுக்குப் பக்கத்தில் ஓர் அரைநிலா, அதன் கீழ் மூன்று புள்ளி. உளியால் குத்திய அடையாளம்.

சவுக்கு மிலாரை எடுத்துச் சீவிப் பார்த்தேன். கூர் இருக்கிறது, ஆனால் கத்தி மரத்துக்குள் இறங்கி இறங்கிப் போகிறது. நெல்லிக்குப்பத்தில் இன்னும் உலை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிடியில் கட்டைவிரல் தேய்ந்த பள்ளத்தைத் தடவினார். "சோத்துக்கையில பிடிச்சா இது இழையாது தம்பி. பீச்சாங்கையில பிடி" என்றார்.

பிடித்தேன். பள்ளத்தில் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. சரிவு ஒரு பக்கம் மட்டும், அதுவும் இடப்பக்கம். இடக்கையில் பிடித்துச் சீவியபோது சுருள் சுருளாக வந்தது.

எந்த ஊர், எந்த வருடம், யார் அடித்தது என்று எதுவும் தெரியாது. ஆனால் ஓர் இடக்கைக்காரர் பட்டறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார், ஒரு கொல்லர் அந்தக் கைக்கென்றே வழக்கத்தை மாற்றிச் சரிவு போட்டுக் கொடுத்திருக்கிறார். துரை வீட்டுக் கதையைவிட எனக்கு இது பெரிது. என் நோட்டில் ஊர், காலம் என்ற இரண்டு கட்டங்களையும் காலியாகவே விட்டிருக்கிறேன். ஊகத்தை எழுதினால் அடுத்தவர் கைக்குப் போகும்போது அது உண்மையாகிவிடும்.

இதனால்தான் பஃபிங் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அரப்பல்லும் உளி அடையாளமும் ஒரே நிமிடத்தில் போய்விடும். சூடு ஏறி வாய் நீலம் பாய்ந்தால் பதமும் போச்சு. நம் கடற்காற்றுக்குத் தோல் உறையும் ஆகாது, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். தையல் மிஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவி, துணியில் சுற்றி வையுங்கள்.

அந்த அரைநிலா அடையாளத்தைப் பெரியவர் பார்த்ததில்லையாம். "நம்ம பக்கத்து அடி மாதிரி இல்ல. கல்வராயன் மலைப் பக்கம் பட்டறைங்க இருக்கும், அங்க விசாரி" என்றார். மழை முடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு சங்கராபுரம் வழியாகப் போகப் போகிறேன்.